சாலு

திருத்தணி ஷோரூமில் மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தார்கள்
பட்டுப்புடவை பிரிப்பது மாதிரி.
மூன்று கிலோவாட். ஏழு. பதினொன்று.
பெரியதில் விளக்கு நிறம் மாறும்.
வண்டிக்கு வயிறு நிறைந்ததும்
போனுக்குச் செய்தி வரும்.
"எல்லாரும் ஏழுதான் மேடம் எடுக்கறாங்க"
என்றான் கழுத்தில் அட்டை தொங்கிய பையன்.
கொழுந்தனும் சென்னையிலிருந்து ஏழு என்றார்.
அவர் வீட்டு மின்சாரம்
அடுக்குமாடியின் பதினான்காம் தளத்தில் இருக்கிறது.
என்னுடையது பள்ளிப்பட்டில்.

எனக்கும் தேசப்பன் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர்.
அந்தப் பக்கம் பன்னிரண்டு விசைத்தறி.
விடிந்தால் என் அலமாரித் தம்ளர்களும் சேர்ந்து
லுங்கி நெய்கின்றன.
மிக்ஸி தேங்காயை
யோசித்து யோசித்து அரைக்கிறது.

நகரியிலிருந்து ஓபுலேசு வந்தார்.
சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்,
சாக்கெட்டில் நுழைத்து
"நூத்தி எண்பத்தெட்டு" என்றார்,
கேனில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்கும்போது
நான் வைத்துக்கொள்ளும் அதே முகத்துடன்.

தினம் எவ்வளவு தூரம்?
நகரி, புத்தூர், கார்வேட்டிநகரம்,
நடுவில் பால் ஊற்றும் ஊர்கள்,
ஒவ்வொன்றிலும் நுழைந்து திரும்பினால் எண்பது.
எப்போ படுப்பீங்க?
பத்தரை.
எழுந்திரிக்கறது?
நாலரை. பால் காத்திருக்காது.
விரல் மடக்கினார். ஆறு மணி நேரம்.
ஆறு மூணு பதினெட்டு.
உங்க வண்டிக்குப் பதினோரு யூனிட் வேணும்.
"சின்னது சாலு மேடம்."

போதும் என்பதற்கு அவர்கள் சொல்.
நம் பழைய செய்யுள்களிலும்
சாலும் என்று ஒன்று இருந்தது.
நாம் அதை அகராதியில் போட்டு மூடிவிட்டோம்.
ஓபுலேசு அதை
டெஸ்டரோடு சேர்த்துச்
சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

மிச்சப்பட்ட பணத்தை மண்ணில் போடச் சொன்னார்.
நிஜமாகவே மண்ணில்.
கேட்டுக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கும் மேல் குழி,
செப்புத் தகடு, அடுப்புக்கரி,
இரண்டு மூட்டை கல்லுப்பு.
ஆறடியில் பாறை இடித்தது.
கடப்பாரைக்காரர் தெலுங்கில் திட்டினார், பாறைக்குப் புரியவில்லை.
பிறகு தமிழில் திட்டினார்.
"வெயில் காலத்துல வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க.
எர்த்து காஞ்சா எதுவும் நம்பக்கூடாது."
தனி ஒயர், தனி பிரேக்கர்,
கசிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் விழுகிற ஒரு சுவிட்ச்.
தறிச்சுவரில் வேண்டாம், ஸ்க்ரூ கழன்றுவிடும் என்று
எதிர்த்தூணில் மாட்டினார்.

மாலையில் தேசப்பன் வந்து
தூணைச் சுற்றிப் பார்த்தார்.
"இது இழுத்தா என் தறி நிக்குமா?"
குரலில் சண்டை இல்லை, கணக்கு இருந்தது.
தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான்
எங்கள் இருவருக்கும்.
"உங்க தறி நின்ன பிறகுதான் இது இழுக்கும்" என்றேன்.
"ஆர்டர் இருந்தா ஒரு மணி வரைக்கும் ஓட்டுவேனே."
ஒன்றிலிருந்து நாலரை.
மனசுக்குள் பெருக்கினேன்.
அரை யூனிட் துண்டு விழுந்தது.
விழட்டும், மறுநாள் ராத்திரி இருக்கிறது.

ஆடி மாதம் முழுக்க ஆர்டர்.
சுவரோரம் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.
பன்னிரண்டு தறியும் ஒரேயடியாக நிற்பதில்லை.
ஒன்று அடங்கும், இரண்டு அடங்கும்,
கடைசித் தறி மட்டும்
தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும்.
அதுவும் ஓய்ந்த பிறகு
தம்ளர்கள் நின்ற இடத்தில் நிற்கும்.

அப்புறம் சுவரில்
தேசப்பனின் இரண்டு தட்டு.

செருப்பைத் தேடாமலே போய்ச் செருகுகிறேன்.
இருநூத்தி முப்பத்தொன்று.